பாக்கெட் ஹோல் ஸ்க்ரூ: நீளம், மரை, தலை பார்த்து எடுப்பது எப்படி

பாக்கெட் ஹோல் (இரண்டு பலகைகளை ஸ்க்ரூவால் இணைக்கச் சாய்வாகப் போடும் குழி) போட்ட ஒரு பலகையைக் கையில் எடுத்து, அந்தச் சாய்வான குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குழி கடைசிவரை ஒரே அகலத்தில் போகாது. சுமார் 9.5 மி.மீ. அகலத்தில் இறங்கி வந்து ஓர் இடத்தில் சட்டென்று நின்றுவிடும். அங்கிருந்து நடுவில் ஒரு மெல்லிய துளை மட்டும் தொடரும். அகலக் குழி முடிந்து மெல்லிய துளை தொடங்கும் அந்த இடத்தில், வட்டமாக, தட்டையாக ஒரு படி தெரியும். ஸ்க்ரூவின் தலை உட்காரப்போவது அந்தப் படியில்தான். எந்த நீளம், எந்தத் தலை என்ற கேள்விகளுக்கு விடை தேட அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

புதிதாக மரவேலைக்கு வருபவர்கள், இந்தக் குழியைப் போட வழிகாட்டும் கருவியான ஜிக்கை வாங்கும்போது காட்டும் அக்கறையை ஸ்க்ரூ வாங்கும்போது காட்டுவதில்லை. வீட்டில் கிடக்கும் ஏதோ ஒன்று போதும் என்று தோன்றிவிடுகிறது. என் முதல் அலமாரியை நானும் அப்படித்தான் பூட்டினேன். கடைசித் தட்டை முடுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பாலிஷ் போட்டு முடித்த பக்கப் பலகையின் வெளிமுகத்தில் நான்கு இடத்தில் ஸ்க்ரூ முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பலகை 12 மி.மீ., ஸ்க்ரூ 32 மி.மீ. இரண்டையும் முன்கூட்டியே அளந்து பார்த்திருந்தால் அந்தப் பலகை தப்பித்திருக்கும்.

இணைப்பு இறுகுவது எப்படி

ஜிக் டிரில் பிட்டைச் சுமார் 15 டிகிரி சாய்வில் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சாய்வில் இறங்கும் ஸ்க்ரூ, முதல் பலகையின் தடிமனுக்கு ஏறக்குறைய நடுவில் வெளிவந்து இரண்டாவது பலகைக்குள் நுழைகிறது. தலை படியை அழுத்துகிறது, மரை இரண்டாவது பலகையைப் பிடித்து இழுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட இரண்டு மரமும் ஒன்றோடொன்று இறுகிவிடுகின்றன.

ஆக, முதல் பலகையில் மரைக்கு வேலையே இல்லை. அங்கேயும் மரை கடித்துக்கொண்டால், முடுக்கத் தொடங்கும்போது இரண்டு பலகைக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளி அப்படியே பூட்டிக்கொள்ளும். எவ்வளவு முடுக்கினாலும் மூடாது. நீளமான பாக்கெட் ஸ்க்ரூக்களில் பெரும்பாலானவற்றில் தலைக்குக் கீழே கொஞ்ச தூரம் மரை இல்லாமல் வழவழப்பாக இருப்பது இதனால்தான்.

முதலில் நீளம்

பலகையை அளந்துவிட்டுத் தொடங்குங்கள். பிளைவுட்டின் மேல் 18 மி.மீ. என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளதை வெர்னியர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. அரை மில்லிமீட்டர், சில சமயம் அதற்கும் மேல் குறைவாக இருக்கும்.

ஒரே தடிமன் உள்ள இரண்டு பலகைகளைச் சேர்க்கும்போது, ஜிக்கையும் டிரில் பிட்டில் மாட்டும் நிறுத்து வளையத்தையும் அந்தத் தடிமனுக்கே அமைத்திருந்தால், இந்த நீளங்கள் பொருந்தும்:

- 12 மி.மீ. பலகை: 25 மி.மீ. (1 அங்குலம்)
- 18 அல்லது 19 மி.மீ. பலகை: 32 மி.மீ. (1¼ அங்குலம்)
- 25 மி.மீ. பலகை: 38 மி.மீ. (1½ அங்குலம்)
- 32 மி.மீ. பலகை: 50 மி.மீ. (2 அங்குலம்)
- 38 மி.மீ. சட்டம்: 63 மி.மீ. (2½ அங்குலம்)

16 மி.மீ. பலகைதான் கொஞ்சம் சங்கடமானது. 25 மி.மீ. ஸ்க்ரூ பிடிமானம் குறைவு, 32 மி.மீ. துளைத்து வெளியே வந்துவிடும் அபாயம் உண்டு. இடைப்பட்ட நீளம் கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் 25 மி.மீ. ஸ்க்ரூவையே வைத்து, எண்ணிக்கையைக் கூட்டிப் பசையும் சேருங்கள்.

பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட அதன் பின்னால் இருக்கும் கணக்கைப் புரிந்துகொள்வது அதிகம் உதவும். 18 மி.மீ. பலகையையே எடுத்துக்கொள்வோம். படியிலிருந்து பலகையின் முனை வரை ஸ்க்ரூ கடக்கும் தூரம் சுமார் 16 மி.மீ. ஸ்க்ரூ 32 மி.மீ. என்றால் மீதி 16 மி.மீ. இரண்டாவது பலகைக்குள் போகும். சாய்வாகப் போவதால் நேர் ஆழம் கொஞ்சம் குறைந்து, சுமார் 15.5 மி.மீ. ஆகும். அதே நேரத்தில் பக்கவாட்டில் சுமார் 4 மி.மீ. நகர்ந்திருக்கும்.

இப்போது இரண்டு விதமான இணைப்புகளை யோசித்துப் பாருங்கள். ஒன்று, அலமாரித் தட்டின் முனை பக்கப் பலகையின் முகத்தில் போய் முட்டும் இணைப்பு. இங்கே பக்கப் பலகையின் தடிமன்தான் ஸ்க்ரூவுக்குக் கிடைக்கும் மொத்த இடம். 18 மி.மீ. பலகையில் 15.5 மி.மீ. போனால் மிச்சம் 2.5 மி.மீ.தான். அந்தப் பக்கப் பலகை 12 மி.மீ.யாக இருந்தால் ஸ்க்ரூ வெளியே வந்தே தீரும். என் அலமாரியில் நடந்ததும் அதுவே.

இன்னொன்று, இரண்டு பலகைகளை விளிம்போடு விளிம்பாக ஒரே மட்டத்தில் சேர்ப்பது. இங்கே ஆழத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், எதிரே ஒரு முழுப் பலகையின் அகலம் இருக்கிறது. பக்கவாட்டு நகர்வுதான் விஷயம். நடுவில், அதாவது 9 மி.மீ.யில் நுழைந்த ஸ்க்ரூ 4 மி.மீ. நகர்ந்து 13 மி.மீ.யில் நிற்கும். மேல் முகத்துக்கு இன்னும் 5 மி.மீ. இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: குழி இருக்கும் முகத்திலிருந்து எதிர் முகத்தை நோக்கி, அதாவது நாலு பேர் பார்க்கப்போகும் முகத்தை நோக்கித்தான் முனை போகிறது. ஸ்க்ரூ நீளம் கூடினால் அந்த முகம்தான் கெடும்.

தடிமன் வேறுபட்டால்? துளை போடும் பலகைக்கு ஏற்ப ஜிக்கை அமையுங்கள். நீளத்தை இரண்டில் மெல்லிய பலகைக்குப் பார்த்து எடுங்கள். 18 மி.மீ. பலகையில் துளை போட்டு 12 மி.மீ. பலகையின் முகத்தில் முடுக்குவதானால் 25 மி.மீ. ஸ்க்ரூ. சுமார் 9 மி.மீ.தான் உள்ளே பிடிக்கும் என்பதால், ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் நெருக்கமாகப் போட்டுப் பசையும் தடவுங்கள்.

சோதனைத் துண்டு

எவ்வளவு கணக்குப் போட்டாலும், நல்ல பலகையைத் தொடுவதற்கு முன் நான் ஒன்று செய்துவிடுவேன். அதே பலகையில் மிஞ்சிய ஒரு துண்டில் ஒரு குழி போட்டு, எதிரே எந்தப் பலகையும் வைக்காமல், தலை படியில் உட்காரும்வரை ஸ்க்ரூவை முடுக்குவேன். முனை மறுபக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நீட்டலை ஸ்கேலால் அளந்தால், ஸ்க்ரூ இரண்டாவது பலகைக்குள் எவ்வளவு போகும் என்பது அப்படியே கிடைத்துவிடும். அந்தப் பலகையின் தடிமனைவிட அது 2 மி.மீ.யாவது குறைவாக இருக்க வேண்டும். எந்த ஜிக் வைத்திருந்தாலும், பட்டியல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தச் சோதனை உண்மையைச் சொல்லிவிடும்.

எதிர்பார்த்ததைவிட அதிகமாக நீட்டினால் உடனே ஸ்க்ரூவைக் குறை சொல்ல வேண்டாம். டிரில் பிட்டின் நிறுத்து வளையம் நகர்ந்திருக்கலாம். பிட் ஆழமாகப் போனால் படியும் முன்னே நகரும், படி நகர்ந்தால் முனையும் அதே அளவு முன்னே போகும். வளையம் சரியாக இருக்கும்போது, பிட்டின் கூர்முனைக்கும் ஜிக்கின் அடித்தட்டுக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. இடைவெளி இருக்கும். வளையத்தை இறுக்கும் சின்ன ஸ்க்ரூ தானாகத் தளரக்கூடியது. இருபது, முப்பது குழிகளுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மரை

பாக்கெட் ஸ்க்ரூவில் மரை இரண்டு வகை. மரைகளுக்கு இடையே தூரம் அதிகமாக, ஆழமாக வெட்டியிருப்பது அகல மரை. நெருக்கமாக, ஆழம் குறைவாக இருப்பது நெருக்க மரை. மென்மையான மரத்துக்கு அகல மரை, கடினமான மரத்துக்கு நெருக்க மரை.

மென்மரத்தின் நார்களில் வலு குறைவு. இரண்டு மரைகளுக்கு நடுவே நிறைய மரம் மாட்டினால்தான் பிடி கிடைக்கும். அங்கே நெருக்க மரையைப் போட்டால், தலை உட்கார்ந்ததும் மரை நார்களைச் சீவிவிட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். வைரம் பாய்ந்த மரத்திலோ நிலைமை தலைகீழ். நார் நெருக்கமானது, விட்டுக்கொடுக்காது. அகல மரை அதற்குள் போக அதிக இடம் கேட்கும். மரம் இடம் தராவிட்டால் ஒன்று மரம் பிளக்கும், இல்லையென்றால் ஸ்க்ரூவின் கழுத்து முறியும்.

பைன், சீடர், பிளைவுட், எம்.டி.எஃப் (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை), பார்ட்டிகிள் போர்டு இவற்றுக்கெல்லாம் அகல மரை. தேக்கு, ஓக், மேப்பிள், வால்நட், ரப்பர் மரம் போன்றவற்றுக்கு நெருக்க மரை. மேல் ஒட்டு தேக்காக இருந்தாலும் பிளைவுட் பிளைவுட்தான். உள்ளே இருக்கும் அடுக்குகள் பெரும்பாலும் மென்மையானவை, அகல மரையே போதும். பெயர் தெரியாத மரம் கைக்கு வந்தால் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். எளிதாகத் தடம் பதிந்தால் அகல மரை, பதிய மறுத்தால் நெருக்க மரை. இது துல்லியமான சோதனை இல்லை, ஆனால் முடிவெடுக்க உதவும்.

இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு பலகையும் வேறு வேறு மரமாக இருந்தால் எதைப் பார்த்து மரையைத் தேர்ந்தெடுப்பது? துளை போடும் பலகையைப் பார்த்து எடுக்கத்தான் கை போகும், அதுதானே கையில் இருக்கிறது. ஆனால் மரை பிடிப்பது இரண்டாவது பலகையில். பிளைவுட்டில் குழி போட்டுத் தேக்குச் சட்டத்தில் முடுக்குகிறீர்கள் என்றால் நெருக்க மரை. தேக்கில் குழி போட்டுப் பிளைவுட்டில் முடுக்கினால் அகல மரை.

தண்டின் பருமனை எண்ணால் குறிப்பார்கள். 6 என்றால் சுமார் 3.5 மி.மீ., 7 என்றால் 3.8, 8 என்றால் 4.2. மெல்லிய பலகைக்கு 6 அல்லது 7, வழக்கமான 18 மி.மீ. பலகைக்கு 7 அல்லது 8, கனமான சட்டங்களுக்கு 8. மேசைக்கால் போல எடை தாங்கும் பெரிய சட்டங்களுக்கென்று இதைவிடத் தடித்த ஸ்க்ரூவும் அதற்கேற்ற பெரிய ஜிக்கும் உண்டு. தொடக்கத்தில் அவை தேவைப்படாது.

தலை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பாக்கெட் ஸ்க்ரூவின் தலைக்கு அடிப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும்.

படி தட்டை, அதனால் அதன்மேல் உட்காரும் தலையும் தட்டையாக இருந்தால்தான் அழுத்தம் சமமாகப் பரவும். ஜிப்சம் பலகைக்குப் போடும் கறுப்பு ஸ்க்ரூவைப் பாருங்கள், தலைக்குக் கீழே புனல் மாதிரி சரிந்திருக்கும். சாதாரண மர ஸ்க்ரூவிலும் அப்படித்தான், தலை மரத்துக்குள் அமிழ வேண்டும் என்பதற்காகவே அந்த வடிவம். அதைப் பாக்கெட் குழியில் முடுக்கினால், தலை ஆப்பு மாதிரி மெல்லிய துளைக்குள் இறங்கும். ஆப்பு இறங்கினால் மரம் பிளக்கும். பிளவு உள்ளேயே இருந்துவிட்டால் அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. சில மாதம் கழித்து இணைப்பு ஆடத் தொடங்கும்போதுதான் தெரியவரும். போதாக்குறைக்குக் கறுப்பு ஸ்க்ரூ மிகவும் கெட்டித்த எஃகு. வளையாது, பட்டென்று முறியும். அதைத் தயவுசெய்து இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம்.

தட்டைத் தலையிலும் இரண்டு வகை கிடைக்கும். வாஷர் ஒன்றைத் தலையோடு சேர்த்து வார்த்ததுபோல அகலமாக இருப்பது வாஷர் தலை. மென்மரம், பிளைவுட், எம்.டி.எஃப் எல்லாவற்றுக்கும் அதுவே சரி, அகலமான தலை மரத்துக்குள் புதையாது. விட்டம் குறைந்த பான் தலை, 12 மி.மீ. பலகைக்கும் சிறிய குழி போடும் ஜிக்குக்கும் பொருந்தும். படி ஒடுக்கமாக இருக்கும் இடத்தில் வாஷர் தலை சரியாக உட்காராது.

தலையின் மேல்பக்கம் பெரும்பாலும் சதுரக் குழி இருக்கும். கனடாவைச் சேர்ந்த பி.எல். ராபர்ட்சன் 1908-ல் உருவாக்கிய வடிவம் அது. ப்ளஸ் குழியில் பிட் அழுத்தம் கூடினால் நழுவி வெளியே ஏறும், சதுரக் குழியில் அப்படி எளிதில் நழுவாது. சாய்ந்த குழியின் அடியில், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இடத்தில் முடுக்கும்போது இதன் அருமை தெரியும். பெரும்பாலான பாக்கெட் ஸ்க்ரூக்களுக்கு எண் 2 சதுர பிட் வேண்டும். 150 மி.மீ. நீளமுள்ள பிட்டாக வாங்குங்கள். குட்டை பிட் போட்டால் டிரில்லின் வாய் பலகையில் இடித்துக் கோடு போடும்.

முனையையும் ஒருமுறை பாருங்கள். நல்ல பாக்கெட் ஸ்க்ரூவின் கூரில் நெடுக்காக ஒரு சிறிய வெட்டு இருக்கும். இரண்டாவது பலகையில் நாம் முன்துளை போடுவதில்லை, அந்த வெட்டுதான் போகிற போக்கில் வழியை அறுத்துக்கொண்டு போகிறது. வெட்டு இல்லாத கூர் நார்களைத் தள்ளிக்கொண்டு போகும், விளிம்புக்கு அருகில் மரம் பிளக்க அதுவே போதும்.

பூச்சு

வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்குத் துத்தநாகப் பூச்சு போதும். மழை, பனி படும் இடத்துக்கு வெளிப்புறத்துக்கென்று பூசிய ஸ்க்ரூ வேண்டும். கடற்காற்று படும் இடத்திலும் எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்திலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். செம்பு கலந்த மருந்து ஏற்றிப் பதப்படுத்திய மரத்தில் சாதாரணத் துத்தநாகப் பூச்சு சீக்கிரம் அரித்துவிடும், அங்கேயும் ஸ்டெயின்லெஸ்தான் நம்பத் தகுந்தது. ஓக் போன்ற மரங்களில் இருக்கும் டானின் ஈரத்தில் இரும்போடு சேர்ந்து கருநீலக் கறையாகிவிடும். பூச்சு உரிந்த ஸ்க்ரூவை அதில் போட வேண்டாம். ஸ்டெயின்லெஸ் கெட்டித்த எஃகைவிட மென்மையானது, அதனால் கடின மரத்தில் முடுக்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முடுக்கும்போது

சரியான ஸ்க்ரூவும் அவசர முடுக்கலில் வீணாகும். முதலில், பலகைகளை அசையாமல் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப். ஸ்க்ரூ சாய்வாக இழுப்பதால் பலகை மெல்ல நகரப் பார்க்கும், அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் மேல் முகத்தில் விரல் வைத்தால் உணரலாம். இணைப்பின் மேலேயே கிளாம்ப் பூட்டி, இரண்டு முகமும் ஒரே மட்டம் என்று தடவிப் பார்த்த பிறகு முடுக்குங்கள்.

குறிப்பிட்ட விசைக்கு மேல் முடுக்காமல் விட்டுவிடும் டிரில்லின் கிளட்சைக் குறைந்த எண்ணில் வைத்துத் தொடங்குங்கள். தலை படியைத் தொடுவதற்குள் கிளட்ச் விட்டுவிட்டால் ஒவ்வோர் எண்ணாக ஏற்றுங்கள். தலை உட்கார்ந்து பலகைகள் நெருங்கி மூடிய நொடியில் நின்றால் அதுவே சரியான எண். எம்.டி.எஃப்பில் இந்தப் பொறுமை இன்னும் அதிகம் தேவை. அதன் விளிம்பு காகித அட்டை மாதிரி அடுக்கடுக்காகப் பிரியக்கூடியது. அதில் முனையிலிருந்து 50 மி.மீ.யாவது தள்ளியே ஸ்க்ரூ போடுங்கள், கடைசிச் சுற்றைக் கையால் முடுக்குவது இன்னும் நல்லது.

கடின மரத்தில் ஸ்க்ரூ முனகினால், மரையில் கொஞ்சம் மெழுகு தேய்த்துப் போடுங்கள். சோப்பு தேய்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. சோப்பு ஈரத்தை இழுக்கும், உள்ளே துரு பிடிக்கும்.

சட்டம் செய்யும்போது குழியை எந்தத் துண்டில் போடுவது என்பதும் ஸ்க்ரூவின் பிடியை மாற்றும். குறுக்குச் சட்டத்தின் முனையில் குழி போட்டு, நெடுஞ்சட்டத்தின் விளிம்பில் ஸ்க்ரூ நுழையுமாறு வையுங்கள். அப்போது மரை நாருக்குக் குறுக்கே போய் நன்றாகப் பிடிக்கும். மாற்றிப் போட்டால், அறுத்த முனைக்குள் நார் போகும் திசையிலேயே மரை இறங்கும். அங்கே பிடி பலவீனம், எத்தனை நல்ல ஸ்க்ரூ போட்டாலும் அதுதான் நிலைமை. ஒரு சட்டத்துக்கு இரண்டு ஸ்க்ரூ, நீளமான பலகைகளுக்கு 150 முதல் 200 மி.மீ.க்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

கெட்டி மரத்தில் செய்த அகலமான மேசைப் பலகையை மட்டும் பாக்கெட் ஸ்க்ரூவால் அடிச்சட்டத்தோடு இறுகப் பூட்ட வேண்டாம். ஈரப்பதம் மாற மாற, அது அகலவாக்கில் விரிந்து சுருங்கும். இறுகப் பூட்டினால் ஒருநாள் பலகை நடுவில் பிளக்கும். அதற்கு நகர இடம் தரும் உலோகக் கொக்கிகள் தனியாக இருக்கின்றன. பிளைவுட், எம்.டி.எஃப் மேசைப் பலகைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

எதை வாங்கித் தொடங்குவது

எல்லா நீளமும் கலந்த பெரிய பெட்டியை முதலிலேயே வாங்க வேண்டாம், பாதி அப்படியே கிடக்கும். 32 மி.மீ. நீளத்தில் அகல மரை, வாஷர் தலை, துத்தநாகப் பூச்சு போட்டதை ஒரு பெட்டி நிறைய வாங்குங்கள். 18 மி.மீ. பிளைவுட்டில் செய்யும் அலமாரி, பெட்டி, தட்டு எல்லாம் அதிலேயே முடியும். அதோடு 25 மி.மீ. அகல மரை கொஞ்சம், தேக்கு போன்ற மரம் வந்தால் போட 32 மி.மீ. நெருக்க மரை கொஞ்சம். 63 மி.மீ. எல்லாம் தடித்த சட்டத்தில் வேலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

பெட்டிகளைப் பிரித்தே வையுங்கள். 25 மி.மீ. டப்பாவுக்குள் ஒரே ஒரு 32 மி.மீ. கலந்திருந்தாலும், பத்தாவது குழியில் கை அதைத்தான் எடுக்கும். ஒவ்வொரு தடிமனுக்கும் செய்த சோதனைத் துண்டைத் தூக்கிப் போடாமல், அதன்மேல் பென்சிலால் பலகையின் தடிமன், ஜிக்கின் அளவு, ஸ்க்ரூவின் நீளம் மூன்றையும் எழுதி அந்தந்த டப்பாவுக்குள்ளேயே போட்டுவிடுங்கள். அடுத்த முறை அதே பலகை வரும்போது ஸ்கேலைத் தேட வேண்டியிருக்காது.